அஜிதா கடையின் அஞ்சாம் தட்டு

கருங்கல் ஊரில் சந்தைக்குப் போகிற வழியில் அஜிதாவின் தையல்கடை இருக்கிறது. அதற்கு நேர் எதிரே என் வாழைப்பழக் கடை. நடுவில் ரோடு. ரோடு என்று சொன்னால் ரோட்டுக்கே வெட்கம் வரும். இந்தப் பக்கம் நின்று ஒரு மட்டிப்பழத்தை உரித்து வாயில் வைத்தால், விழுங்குவதற்குள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடலாம். அதனால் அந்தக் கடையில் ஊசி கீழே விழுந்தாலும் எனக்குத் தெரியும். “உம்ம கடையில குலைய ஆடு தின்னது மட்டும் உமக்குத் தெரியாது” என்று என் வீட்டுக்காரி சொல்லுவாள். அது வேறு விஷயம்.

அஜிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவள் மகள் ஜினிஷாவைச் சொல்லியாக வேண்டும். வயது இரண்டேகால். உயரம் என் கடையில் தொங்குகிற ஏத்தன் குலையைவிட ஒரு சீப்பு குறைவு. பத்தாம் மாதத்தில் நடக்க ஆரம்பித்தாள். நாலு நாள் நடந்தாள். அஞ்சாம் நாள், நடக்கிறதில் ஒரு ருசியும் இல்லை என்று கண்டுபிடித்து ஏறத் தொடங்கினாள். அன்றிலிருந்து அவள் தரையில் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு சாயா ஆறுகிற நேரம்கூட வராது.

ஒரு தடவை திங்கள்நகர் போகிற பஸ் கடை முன்னால் நின்றது. ஆள் இறங்கியது, ஆள் ஏறியது, பஸ் கிளம்பியது. இருபது அடி போய் மறுபடியும் நின்றது. கண்டக்டர் ஒரு கையில் டிக்கெட் மிஷினும் இன்னொரு கையில் ஜினிஷாவுமாக இறங்கி வந்தார்.

“இது யாருக்க பிள்ள? டிக்கெட் கேட்டா சிரிக்குது.”

“எங்க போவணும்னு சொன்னாளா?” என்று அஜிதா மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

இன்னொரு தடவை மரச்சீனி ஏற்றின டெம்போவில் கிழங்கோடு கிழங்காக உட்கார்ந்திருந்தாள். மண் நிறமும் அவள் நிறமும் ஒன்றாகிப் போனதால், கிழங்குக்காரன் அவளையும் சேர்த்துத் தூக்கித் தராசில் வைக்கப் போனான். மூன்றாவதாக ஒரு ஆடு. அதன் முதுகில் ஏறிச் சந்தை முக்கு வரைக்கும் போய்விட்டாள். அந்த ஆடு இன்றைக்கும் தையல்கடைப் பக்கம் வந்தால், ரோட்டைக் கடந்து என் கடை ஓரமாகத்தான் போகிறது. போகிற போக்கில் ஒரு பழமும் தின்கிறது. நஷ்டம் எனக்கு.

இந்தப் பிள்ளையைப் பெற்றவள் எப்படி இருக்க வேண்டும்? தலைவிரி கோலமாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? அஜிதா அப்படி இல்லை. எண்ணெய் வைத்து வாரிய தலை ஒரு முடி கலையாது. கழுத்தில் அளவு டேப், காது மடலில் சாக்குக்கட்டி, வாயில் ரெண்டு குண்டூசி. குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசுவாள், சிரிப்பாள், பாட்டும் பாடுவாள். இதுவரைக்கும் ஒன்றையும் விழுங்கியதில்லை. கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்பே இந்தக் கடையைத் தொடங்கியவள். அவள் தைத்த ப்ளவுஸைப் போட்டவள் மூக்குப் பிடிக்கச் சாப்பிடலாம், மாமியாரோடு சண்டை போடலாம், ஒரு இழை விடாது. பிரசவத்துக்கு முந்தின நாள் வரைக்கும் மிஷின் மிதித்தாள். பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மிதிக்கப் படித்துக்கொண்டுதான் வெளியே வந்தது என்று நான் சொல்வேன்.

பிள்ளையைத் துப்பட்டாவால் மிஷின் காலில் கட்டிப்போடச் சொல்லி ஊரில் பாதிப்பேர் யோசனை சொன்னார்கள். மீதிப்பேர் முதுகில் நாலு பூசை கொடுக்கச் சொன்னார்கள். அஜிதா இரண்டையும் செய்யவில்லை. முதலில், பிள்ளையின் காலில் மணிக்கொலுசு போட்டாள். சத்தம் கேட்கிறவரைக்கும் தையல் ஓடும். சத்தம் நின்றால் அஜிதாவும் நிற்பாள். அடுத்ததாக அவள் செய்ததைத்தான் கடையில் காஜா எடுத்து ஹூக் வைக்கிற நேசபாய் அக்காவால் தாங்க முடியவில்லை. பிள்ளைக்கு இறங்கப் பாடம் எடுத்தாள்.

வெட்டுத்துணி மூட்டைமேல் முதல் பாடம். பிறகு ஸ்டூல். பிறகு பெஞ்சு. அதற்கும் பிறகு துணி அடுக்குகிற அஞ்சு தட்டு அலமாரியில் முதல் தட்டு, இரண்டாம் தட்டு.

“வயித்த ஒட்டு மக்களே. அங்ஙன தான். இனி கால் தேடு. கிட்டிச்சா? கிட்டினப்பொறவு கைய விடு.”

ஒரே பிள்ளை என்றாலும் எங்கள் ஊரில் கொஞ்சலுக்கு ‘மக்களே’தான். தினமும் காலையில் இப்படி இருபது தடவை. சர்க்கஸ் கம்பெனியில்கூட இப்படிப் பாடம் நடக்காது. நேசபாய் அக்கா கையிலிருந்த ப்ளவுஸைக் கீழே வைத்தாள்.

“ஏட்டி, பிள்ளைக்கு ஏறதுக்கா படிச்சு குடுக்க? நாளைக்கு தென்னமரத்துல ஏறுவா பாத்துக்க.”

“ஏறதுக்கு நான் படிச்சு குடுக்கல்லக்கா. அது கர்த்தர் குடுத்து விட்டது. எறங்கதுக்கு குடுக்க மறந்துட்டாரு. அத நான் குடுக்கேன்.”

“தென்ன ஏற ஆளு கிட்டாம ஊரே அலையுது” என்று நான் ரோட்டின் இந்தப் பக்கமிருந்து சொன்னேன். “சீக்கிரம் படிச்சு குடு மக்கா. எனக்க வீட்டுல அஞ்சு மரம் நிக்கு.”

“செல்வதாஸ் அண்ணே, அதுக்கு முன்ன உங்க குலைய எல்லாம் எறக்கி வைங்க. அவ அங்கதான் மொதல்ல வருவா.”

விழாமலா இருந்தாள்? விழுந்தாள். நெற்றியில் ஒரு வீக்கம் வற்றும் முன்னே அடுத்த வீக்கம் வந்து க்யூவில் நிற்கும். ஆனால் விழுந்தவள் எழுந்து, தான் விழுந்த இடத்தைக் குனிந்து பார்த்து, ‘இங்கேதான் தப்பு’ என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ஏறுவாள். மூன்று மாதத்தில் பின்பக்கமாக இறங்குவதில் எம்.ஏ. பாஸ். பாதிரியார் வீட்டுக்கு வந்தபோது அவர் மடியிலிருந்தும் வயிற்றை ஒட்டி, கால் தேடித்தான் இறங்கினாள். அன்றைக்கு அஜிதாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். கலெக்டர் கையால் மெடல் வாங்கினவள்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டாள்.

இனி ஜெப்சன். அஜிதாவின் வீட்டுக்காரன். ஷார்ஜாவில் ஏசி ரிப்பேர் வேலை. தங்கமான பையன். போன லீவில் வந்தபோது சாக்லேட், கம்பளி, தைலம் எல்லாவற்றோடும் ஒரு வெள்ளை உருண்டையும் கொண்டுவந்தான். கேமரா. அங்கே இருந்துகொண்டே போனில் கடையைப் பார்க்கலாம். பார்ப்பது மட்டும் அல்ல, பேசவும் செய்யலாம். பேசினால் உருண்டைக்குள்ளிருந்து சத்தம் வரும்.

“பொம்பளைகளுக்கு அளவெடுக்க கடையில கேமராவா? ஒருத்தியும் படியேற மாட்டா” என்று அஜிதா சொன்னாள்.

“பிள்ள வெளையாடுத மூலையும் வாசலும் மட்டும்தான் தெரியும். நீயே பாத்துக்க.”

அஜிதா அவன் போனை வாங்கி, ஒரு மணி நேரம் கேமராவை அப்படியும் இப்படியும் திருப்பச் சொல்லி, அளவெடுக்கிற திரைச்சீலைப் பக்கம் ஒரு நூல்கூடத் தெரியவில்லை என்று உறுதியான பிறகுதான் ஆணி அடிக்க விட்டாள். பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது என்று ஜெப்சன் அதை உயரத்தில் மாட்டினான். அலமாரியின் அஞ்சாம் தட்டுக்கும் மேலே, சுவரில்.

அவன் போன பிறகு தினமும் காலையில் உருண்டை பேசும். அரபிக்கடல் தண்ணீர் முழுக்கக் குடித்துவிட்டு வந்த மாதிரி ஒரு குரல்.

“மக்களே... டாடி வந்திருக்கேன்!”

ஜினிஷா அலமாரிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, இரண்டு கையையும் தூக்கி ஒரு ஆட்டம் போடுவாள். நேசபாய் அக்கா மட்டும் எழுந்து முந்தானையைச் சரிசெய்வாள். அவளுக்கு இன்னமும் அந்த உருண்டையில் நம்பிக்கை வரவில்லை.

முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. அடுத்த மாதம் ஜெப்சனுக்கு அது ஒரு வியாதியாகிவிட்டது. ஏசியைக் கழற்றும்போதும் ஒரு கண் போனில். பிள்ளை ஸ்டூலில் ஏறினால் சத்தம். பெஞ்சில் ஏறினால் பெரிய சத்தம். ஒருநாள் திரைக்குப் பின்னால் ஒரு அம்மாளை முக்காலியில் ஏற்றிப் பாவாடைக்கு நீளம் பார்த்துக்கொண்டிருந்தாள் அஜிதா. அந்த நேரம் பார்த்து உருண்டை அலறியது.

“ஏட்டி! கீழ எறங்கு! எறங்குன்னு சொன்னேன்!”

அந்த அம்மாள் ஒரே சாட்டமாகத் துள்ளிக் குதித்தாள். முக்காலி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். “யாரு, ஆம்பள யாரு?” என்று கேட்டுக்கொண்டே செருப்பை மறந்து ரோட்டுக்கு வந்து, என் கடைக்குள் நுழைந்து, குலைக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். விஷயத்தைச் சொல்லிப் புரியவைத்து, இரண்டு பழம் கொடுத்துத்தான் திருப்பி அனுப்பினேன்.

அதற்கு அடுத்த வாரம், ஜினிஷா மூன்றாம் தட்டில் ஏறி நிற்பதை ஜெப்சன் பார்த்துவிட்டான். போன் வந்தது. அஜிதா ரோட்டுக்கு வந்து நின்று பேசினாள். அவன் பேசியதும் எனக்குக் கேட்டது. அவ்வளவு சத்தம்.

“கடைய பூட்டுட்டீ. பிள்ள வளந்தப்பொறவு தொறக்கலாம்.”

“வளந்தப்பொறவு ஏற மாட்டாளா? அப்போ இன்னும் ஒயரமா ஏறுவா.”

“சிரிக்காத. விழுந்தா என்ன செய்வ?”

“விழுந்தா தூக்குவேன். வீட்டுல இருந்தா மட்டும் சும்ம இருப்பாளா? அங்க கட்டிலு இல்லியா, ஜன்னலு இல்லியா, மாட்டுக்கொட்டிலு இல்லியா?”

 பிறகு அவன் சத்தம் இறங்கிவிட்டது; நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நீ பக்கத்துல நிக்க. பிடிப்ப. நான் இங்க இருந்து பாத்துட்டு மட்டும்தான் நிக்கேன் அஜிதா. எனக்க கை எட்டாது.”

 அஜிதாவின் வாயில் குண்டூசியும் இல்லை, பேச்சும் இல்லை. நான் அவளை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஜெப்சன் அதோடு நிறுத்தவில்லை. கட்டடத்து முதலாளி நாராயணபெருமாளுக்கும் போன் போட்டு, முப்பதாம் தேதியோடு ரூமைக் காலி செய்து தருகிறோம் என்று சொல்லிவிட்டான். நாராயணபெருமாள் நல்ல மனுஷன். சண்டை என்றால் எட்டு வீடு தள்ளி நடப்பார். குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

“ஜெப்சன் விளிச்சான் மக்கா. ரூமு ஒழியும்னு சொன்னான். மொபைல்கடைக்காரன் ஒருத்தன் கேட்டுட்டு நிக்கான்.”

“ரூம் யாருக்க பேருல எழுதியிருக்கு அண்ணாச்சி?”

“ஒனக்க பேருலதான்.”

“அப்போ ஒழியணும்னா நான்தானே சொல்லணும்?”

“அது செரிதான். ஆனா வீட்டுல ஆம்பள ஒண்ணு சொல்ல, பொம்பள ஒண்ணு சொல்ல, நடுவுல நான் நிக்கப்பிடாது. சனியாழ்ச்ச வாறேன். ரெண்டுபேருமா பேசி ஒரே வாக்கா சொல்லுங்க.”

“சொல்லலாம். சாயா குடிச்சிட்டு போங்க.”

அவர் போன பிறகு அஜிதா ஒரு கல்யாண ப்ளவுஸ் வெட்டினாள். வெட்டி முடித்துத் தூக்கிப் பார்த்தால் இரண்டுமே இடது கை. பதினோரு வருஷத்தில் நடக்காத காரியம். நேசபாய் அக்கா அதைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

ஜெப்சனோடு சண்டை போட்டு ஜெயிக்க அஜிதாவுக்குத் தெரியாமல் இல்லை. அவள் நாக்குக்கு முன்னால் வக்கீல் நிற்க மாட்டான். ஆனால் அங்கே தனியாகக் கிடந்து பயப்படுகிறவனை ஜெயித்து என்ன செய்ய? கடையும் போகக் கூடாது, அவனும் தினம் செத்துப் பிழைக்கக் கூடாது. இரண்டும் எப்படி நடக்கும்? அதுதான் அவளுக்கு வெட்டத் தெரியாத துணியாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. சந்தைக் கூட்டம். காலை பத்தரை மணிக்கு நாராயணபெருமாள் வந்து, வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். அஜிதா திரைக்குப் பின்னால் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். நேசபாய் அக்கா சாயா வாங்கப் போனாள். ஜினிஷா வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். நான் போய் ஒரு மட்டிப்பழத்தைப் பாதி உரித்துக் கையில் கொடுத்துவிட்டு, “அண்ணாச்சி, பிள்ளைய பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் பேப்பருக்குள் இருந்துகொண்டே “ம்” என்றார். அந்த ‘ம்’மை நம்பினது என் தப்பு.

கடைக்கு வந்து ஒரு ஆளுக்கு ரெண்டு கிலோ நிறுத்துக் கொடுத்திருப்பேன். எதிர்க்கடையில் உருண்டை வாய் திறந்தது.

“மக்களே! ஜினிஷா! டாடி வந்தாச்சு!”

அடுத்த நிமிஷம் அதே உருண்டை அலறியது. “ஐயோ! எறங்கு! ஜினிஷா! எறங்கு மக்களே! அஜிதா! அங்க ஒருத்தரும் இல்லியா?”

நாராயணபெருமாளின் பேப்பர் நாலு தாளாகப் பறந்தது. அவர் தலைக்குப் பின்னால், அலமாரியின் இரண்டாம் தட்டில், பழத்தை வாயில் கவ்விக்கொண்டு ஜினிஷா. நான் தராசை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். குறுக்கே வந்த பைக்குக்காரன் என்னைத் திட்டினது எனக்கு மறுநாள்தான் காதில் விழுந்தது.

ஓடும்போதே அதைப் பார்த்தேன். ஜெப்சன் “ஜினிஷா!” என்று கத்துவான். அவள் அண்ணாந்து பார்ப்பாள். ஒரு தட்டு ஏறுவாள். அவன் இன்னும் பெரிதாகக் கத்துவான். இன்னும் ஒரு தட்டு. நான் அலமாரிப் பக்கம் போவதற்குள் நாலாம் தட்டு. பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினேன்.

“தொடாண்டாம் அண்ணே!”

அஜிதா திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். ஓடவில்லை. நடந்துதான் வந்தாள்.

“பொறத்தால தொட்டா திரும்பிப் பாப்பா. திரும்பினா கைய விடுவா.”

“அஜிதா, பிடி அவள! பிடிட்டீ!” என்று உருண்டை.

அஜிதா மேலே பார்த்தாள். “நீங்க மிண்டாண்டாம்.”

“நான் எப்பிடி மிண்டாம...”

“நீங்க விளிக்க விளிக்க அவ உங்க கிட்டத்தான் வாறா. இது தெரியல்லியா? ஒரு நிமிசம் வாய மூடுங்க.”

ஷார்ஜா மூடிவிட்டது. சந்தையே மூடின மாதிரி இருந்தது. 

ஜினிஷா அஞ்சாம் தட்டில் முட்டுப்போட்டு, பள்ளிக்கூட யூனிபார்ம் துணிக் கட்டின்மேல் ஏறி இருந்தாள். உருண்டைக்கும் அவள் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் தூரம். வாயிலிருந்த பழத்தைக் கையில் எடுத்தாள். எச்சில் ஒழுக அதை உருண்டையின் கண்ணில் வைத்து அமுக்கினாள்.

“டாடி, ஆ.”

ஒரு அமுக்கில் போகவில்லை என்று இரண்டாவதாக ஒரு அமுக்கு. பழம் முழுதும் கண்ணாடியில் அப்பிக்கொண்டது.

“அஜிதா...” உருண்டை இப்போது கெஞ்சியது. “எனக்கு ஒண்ணும் தெரியல்ல. ஒரே மஞ்சளா கெடக்கு. என்ன ஆச்சு?”

“பழம் குடுத்திருக்கா. தின்னுட்டு சும்ம இருங்க.”

பிறகு அஜிதா மகளைப் பார்த்தாள். குரல் காலையில் பாடம் எடுக்கிற அதே குரல். ஒரு நூல் கூடவில்லை, ஒரு நூல் குறையவில்லை.

“டாடி தின்னாச்சு மக்களே. இனி எறங்கலாம். வயித்த ஒட்டு.”

ஜினிஷா திரும்பி வயிற்றை ஒட்டினாள். அஜிதா இரண்டு கையையும் விரித்து அவளுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். தொடவில்லை. பிள்ளைக்கும் கைக்கும் நடுவில் நாலு விரல் இடம்.

“கால் தேடு.”

கால் தேடியது. நாலாம் தட்டில் பாலியஸ்டர் துணி. கால் வைத்ததும் வழுக்கியது. ஜினிஷா ஒரு கையில் தொங்கினாள். எனக்கு அப்போது நின்றுபோன நெஞ்சு திரும்ப ஓட ஒரு வாரம் பிடித்தது. நாராயணபெருமாள் கண்ணை மூடிக்கொண்டு “பெருமாளே” என்றார். அஜிதாவின் கை அசையவில்லை. கழுத்து நரம்பு மட்டும் கயிறு மாதிரி நின்றது.

“வழுக்குது இல்லியா? துணிய தள்ளு. கட்டைய தேடு.”

பிஞ்சுக் கால் துணியை ஒரு உதை விட்டது. துணிக்கட்டு நாராயணபெருமாளின் தலையில் விழுந்தது. கால் கட்டையைப் பிடித்தது.

“கிட்டிச்சி” என்று ஜினிஷா தானாகச் சொன்னாள்.

“கிட்டிச்சா? இனி கைய விடு.”

மூன்றாம் தட்டு. இரண்டாம் தட்டு. முதல் தட்டு. தரை. கொலுசு ஜல் என்றது. அந்தச் சத்தம் கேட்டதும்தான் அஜிதா கையை மடக்கினாள். மடக்கினவள் பிள்ளையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாயாவோடு வந்த நேசபாய் அக்கா வாசலிலேயே நின்றாள். நாலு கிளாஸில் ஒன்றரை கிளாஸ் சாயாதான் மிச்சம். மற்றது படியில்.

“யாராவது சொல்லுங்களேன்” என்றது உருண்டை. “எறங்கிற்றாளா? இல்லியா?”

எல்லோரும் அஜிதாவைப் பார்த்தோம்.  பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்தாள். காலைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். அங்கே ஒருவன் ஒரு நிமிஷத்தில் அஞ்சு வயது கூடிக் கிழடாகட்டும் என்று விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். பிறகு சொன்னாள்.

“எறங்கிற்றா. தனியாத்தான் எறங்கினா. நான் தொடல்ல.”

உருண்டையிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. புயல் எச்சரிக்கை விடலாம், அவ்வளவு பெரிய மூச்சு.

“எதுக்கு மக்களே மேல போன?” என்று அஜிதா மகளைக் கேட்டாள்.

“டாடி விச்சாச்சு” என்றாள் ஜினிஷா. “டாடிக்கு மாமு.”

டாடி கூப்பிட்டார், டாடிக்குச் சோறு கொடுக்கப் போனேன். அவ்வளவுதான். வீட்டில் டாடி இல்லை, கட்டிலில் இல்லை, பைக்கில் இல்லை. டாடி இருக்கிற இடம் அஞ்சாம் தட்டுக்கு மேலே. அவள் என்ன செய்வாள்? நாலு மாதமாக இது எங்கள் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. இரண்டேகால் வயதுக்காரி சொல்லித்தர வேண்டியிருந்தது.

 உருண்டையிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. “ஸ்பீக்கரு கேடாயிப் போச்சா?” என்று நேசபாய் அக்கா கேட்டாள்.

“அண்ணாச்சி அங்க நிக்கியாளா?” என்று ஜெப்சன் கேட்டான்.

“நிக்கேன்டே. தலையில ஒரு கட்டு துணியோட நிக்கேன்.”

“ரூம்காரியம் நான் விளிச்சது தப்பு. அவகிட்ட கேளுங்க. அவ சொல்லுததுதான்.”

நாராயணபெருமாள் அஜிதாவைப் பார்த்தார். “ஒரே வாக்கா சொல்லச் சொன்னேன். அவன் சொல்லியாச்சு. நீ என்ன சொல்லுத மக்கா?”

அஜிதா எழுந்து நின்றாள். “ரூமு எனக்கு வேணும். ஆனா ரெண்டு கண்டிசன் இருக்கு. அவியளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.” உருண்டையைப் பார்த்தாள். “உங்கள கீழ எறக்கப் போறேன். பிள்ளைக்க கண்ணு மட்டத்துல. அங்க இருந்து என்ன வேணும்னாலும் பேசுங்க. அவ எங்கயாவது ஏறியிருந்தா மட்டும் மிண்டப்பிடாது.”

“மிண்ட மாட்டேன்.”

“எனக்கு உள்ளது, அந்த அலமாரிய சுவரோட சேத்து இரும்புப்பட்ட அடிக்கணும். பிள்ள ஏறுதுன்னு தெரிஞ்சும் நாலு மாசமா நான் செய்யல்ல. அது எனக்க தப்பு. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அடிப்பேன்.”

“பட்டை நான் வாங்கித் தாறேன்” என்றார் நாராயணபெருமாள். அவர் இதுவரைக்கும் அந்தக் கட்டடத்துக்கு ஒரு ஆணிகூட வாங்கித் தந்ததில்லை. அன்று மதியம் கருங்கலில் மழை பெய்தது. காரணம் அதுதான் என்று நான் சொல்கிறேன்.

அஜிதாவே ஸ்டூல் போட்டு ஏறி, திருப்புளியால் உருண்டையைக் கழற்றினாள். பழத்தை வழித்தெடுக்க ஒரு ஈரத்துணி போதவில்லை. முதல் தட்டுக்குப் பக்கத்தில், முட்டு உயரத்தில் சுவரில் அடித்தாள். ஏணி தேவையில்லாத டாடி. ஜினிஷா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் உருண்டையைப் பிடித்து, அதன் கண்ணுக்குள் தன் கண்ணை விட்டுப் பார்த்தாள்.

“என்ன தெரியுது?” என்று நான் குனிந்து கேட்டேன்.

“ஒரு மூக்குத் துவாரம் தெரியுது அண்ணே” என்றான் ஜெப்சன். “நல்ல வடிவா இருக்கு.”

பிள்ளை ஏறுவதை விட்டுவிட்டாள் என்று யாராவது நினைத்தால் அது பொய். இப்போது பஸ் ஸ்டாண்டு கம்பியில் பயிற்சி நடக்கிறது. ஆனால் அலமாரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அங்கே மேலே இப்போது யார் இருக்கிறார்கள், ஏறிப் போய்ப் பார்க்க?

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் வந்தது. யூனிபார்ம் வாங்க வந்த கூட்டம் அஜிதாவின் கடையில் நுழைந்து, வாசலில் நிரம்பி, ரோட்டைத் தாண்டி என் குலைகளுக்கு நடுவிலும் நின்றது. நேசபாய் அக்காவுக்கு உதவிக்கு இன்னொரு பெண்ணையும் வைத்தாகிவிட்டது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு, எல்லோருடைய முட்டுக்கும் கீழேயிருந்து ஷார்ஜா குரல் மெதுவாகக் கேட்டது.

“அஜிதா, எனக்கு காலுமட்டும்தான் தெரியுது. இருவத்திமூணு காலு எண்ணினேன். பொறவு கணக்கு தெத்திப் போச்சு. நல்ல கூட்டம் போல?”

“நல்ல கூட்டம்தான்” என்றாள் அஜிதா, வாயில் ரெண்டு குண்டூசியோடு. “போன வச்சிட்டுப் போங்க. சோலி கெடக்கு.”